தேய்மானம்

‘‘யாரு தேய்க்கிறது?’’

அம்மா கேட்டது இவ்வளவுதான். அதுவரை மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்த விற்பனைப் பையன் சட்டென்று நிறுத்திவிட்டான்.

இடம், ஒரு பாத்திரக் கடையின் இரண்டாவது மாடி. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் ஆசை ஆசையாக வாங்கிய பீங்கான் தட்டுகளில் மூன்று, மூன்றே மாதத்தில் உயிரை விட்டிருந்தன. ‘இனிமேல் உடையாத, கறை படியாத, தினசரிக்கு உழைக்கிற தட்டுதான் வாங்கணும்’ என்று குடும்பமாகத் தீர்மானம் போட்டுக் கிளம்பிப் போயிருந்தோம். போன இடத்தில் என் மனைவியின் கண் ஒரு வெண்கலத் தட்டின் மேல் விழுந்துவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, அழகுதான். சாயங்கால வெயில் மாதிரி ஒரு நிறம். விலைச்சீட்டில் 4,200 ரூபாய்.

‘‘பாட்டி காலத்துத் தட்டு மேடம். நாலு தலைமுறைக்கு உழைக்கும்’’ என்றான் பையன்.

‘‘உடம்புக்கும் நல்லதுன்னு சொல்றாங்க அத்தை’’ என்றாள் என் மனைவி.

அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டார். எழுபது வயதில் முட்டி வீங்கிய விரல்களை மடியில் வைத்துக்கொண்டு, கோபமே இல்லாமல் கேட்டார்.

வீடு திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. யோசித்துப் பாருங்கள். தமிழில் ஒரு பொருள் நீடித்து இருப்பதை ‘நல்லா உழைக்கும்’ என்கிறோம். தட்டு உழைக்கிறது, சட்டை உழைக்கிறது, செருப்பு உழைக்கிறது. ஆனால், அந்தத் தட்டு உழைப்பதற்காகக் கொல்லைப்புறத்தில் குத்தவைத்து உழைத்தது யார்? சாப்பாட்டுத் தட்டின் சரித்திரத்தை இந்தக் கோணத்தில் கொஞ்சம் புரட்டிப் பார்த்தேன். சுவாரஸ்யமாகவும் இருந்தது, கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது.

*

தேய்க்கவே வேண்டாத தட்டு நம்மிடம் ஏற்கெனவே இருந்தது. வாழை இலை! சாப்பிட்டு முடித்ததும் மடித்துப் போட்டால் மாட்டுக்குத் தீவனம். இலை கிடைக்காத ஊர்களில் மந்தாரை இலையைத் தைத்து, உலர்த்தி, கட்டுக்கட்டாக வைத்துக்கொண்டார்கள். ஆனால் கஞ்சியும் கூழும் பழைய சோறும் இலையில் நிற்குமா? அதற்கு மண் கலயம் வேண்டும்.

மண் பாத்திரத்துக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. கையில் இருக்கும்வரை அதைப் போல உடைகிற சாமான் வேறு இல்லை. உடைந்துவிட்டாலோ, அதைப் போல நிலைக்கிற சாமானும் வேறு இல்லை. ஓட்டாஞ்சில்லை யாரும் உருக்கி விற்க முடியாதே! அதனால்தான் கீழடியில் தோண்டினால் பானை ஓடு பானை ஓடாக வந்தது. அந்த ஓடுகளில் சிலவற்றில் ‘ஆதன்’, ‘குவிரன்’ என்று தமிழ் பிராமி எழுத்தில் பெயர் கீறியிருக்கிறார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே, ‘இது என் பாத்திரம், எடுக்காதே’! பாத்திரத்தில் பெயர் வெட்டும் பழக்கம் நம் அத்தைமார்கள் ஆரம்பித்தது என்று நினைத்திருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோதும் இதே கதைதான். இத்தாலியில் செய்த சிவப்பு நிற மெருகுத் தட்டுகளின் துண்டுகள் அவருக்குக் கிடைத்தன. அந்த ரகத் தட்டுகள் எந்தக் காலத்தில் செய்யப்பட்டவை என்று ரோமானிய வரலாற்றில் தெளிவாகத் தெரியும். அதை வைத்தே அரிக்கமேட்டின் வயதைக் கணக்குப் போட்டார் வீலர். எவர் வீட்டிலோ எப்போதோ கை தவறி விழுந்த தட்டு, ஓர் ஊருக்கே பிறப்புச் சான்றிதழ் கொடுத்துவிட்டது.

உலோகப் பாத்திரம் இதற்கு நேர் எதிர். அது உடையாது. ஆனால் சரித்திரத்தில் அதிகம் மிஞ்சுவதும் இல்லை. பழசானால் உருக்கிவிடுவார்களே! மண்ணுக்குள் புதைத்தது மட்டும்தான் தப்பியது. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் 1899-லிருந்து அலெக்சாண்டர் ரீ நடத்திய அகழாய்வில் ஈமத் தாழிகளோடு வெண்கலப் பாத்திரங்களும் கிடைத்தன. செத்தவரோடு வெண்கலத்தைப் புதைக்கிறார்கள் என்றால், அது அன்றைக்கு எவ்வளவு பெரிய சொத்து என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

*

சொத்து என்ற வார்த்தையை நான் சும்மா போடவில்லை. நான் பி.காம். படித்தவன். பேலன்ஸ் ஷீட் கண்ணோடுதான் எதையும் பார்ப்பேன். நம் ஊர் வீடுகளில் பித்தளையும் வெண்கலமும் சமையல் சாமான் மட்டுமல்ல, ஃபிக்ஸட் டெபாசிட்! ‘அண்டா குண்டாவையெல்லாம் அடகு வெச்சு’ என்று இன்றைக்கும் பேசுகிறோமே, அது வெறும் பேச்சு வழக்கு இல்லை. மழை பொய்த்த வருஷம் அண்டா அடகுக் கடைக்குப் போகும். அறுவடை முடிந்ததும் திரும்பி வரும். பெண்ணுக்குச் சீர் வைக்கும் பாத்திரத்தின் எடையைச் சம்பந்தி வீட்டார் கையில் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

இந்த டெபாசிட்டுக்கு வட்டி வரவில்லை. வட்டி கட்ட வேண்டியிருந்தது. கட்டியவர்கள் வீட்டுப் பெண்கள்.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். செம்புக்கும் புளிக்கும் ஆகாது. பித்தளையில் குழம்பையோ ரசத்தையோ வைத்தால் செம்பு கரைந்து களிம்பு ஏறும், வாயைக் குமட்டும், வயிற்றைப் புரட்டும். இதற்குத் தடுப்புச் சுவர்தான் ஈயம் பூசுவது. என் சின்ன வயதில், எண்பதுகளின் மத்தியில்கூட, எங்கள் தெருவுக்கு ஈயம் பூசுபவர் வருவார். தெருமுனையில் குழி தோண்டி, துருத்தி போட்டு, கரி மூட்டி, பாத்திரத்தைப் பழுக்கக் காய்ச்சுவார். நவச்சாரத்தை ஒரு தூவு தூவுவார். குப்பென்று வெள்ளைப் புகை எழும்பும், மூக்கைத் துளைக்கும். ஈயக்குச்சியை ஓர் இழுப்பு இழுத்து, பஞ்சால் சுழற்றித் துடைத்தால்... கறுத்துக் கிடந்த பாத்திரத்துக்குள் நிலா! 232 டிகிரியிலேயே உருகிவிடுகிற வெள்ளீயத்தின் வித்தை அது.

ஆனால் தமிழில் வெள்ளீயமும் ஈயம், காரீயமும் ஈயம். வெள்ளீயம் நல்ல பிள்ளை. காரீயம் விஷம். வெள்ளீயம் விலை கூடுதல், காரீயம் மலிவு. மலிவானதைக் கலந்தால் கண்ணுக்குத் தெரியாது. ரசத்துக்கு ஈயச் சொம்பு வாங்குபவர்கள் இன்றைக்கும் நினைவில் வைக்க வேண்டிய சங்கதி இது. அந்தச் சொம்பு சுத்தமான வெள்ளீயத்தில் செய்ததாக இருக்க வேண்டும்.

பூச்சு உள்ளே. வெளியே? புளி, சாம்பல், செங்கல் பொடி, தேங்காய் நார். தினம் இரண்டு வேளை. எங்கள் அப்பாயியின் கட்டைவிரல் நகம் பாதிக்கு மேல் வளர்ந்து நான் பார்த்ததே இல்லை. ஒரு குடும்பத்தின் மானம், தண்ணீர்ப் பானையில் முகம் தெரிகிறதா என்பதில் இருந்தது. அந்த மானத்தைக் காப்பாற்ற தினமும் இரண்டு மணி நேரம் கொல்லைப்புறத்தில் குனிந்து கிடக்க வேண்டியிருந்தது.

*

இந்தப் பித்தளை சாம்ராஜ்ஜியத்தில் முதல் ஓட்டை போட்டவர் ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயர். ஓட்டை போட்ட இடம், சென்னை!

ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்பது அவர் பெயர். இன்றைக்கு எழும்பூர் பக்கம் ஓவியக் கல்லூரியாக இருக்கிறதே, அன்றைக்கு அது மதராஸ் கலைத் தொழில் பள்ளி. அதன் பொறுப்பில் இருந்த சாட்டர்டன், 1898-ல் அங்கே அலுமினியப் பாத்திரம் செய்து பார்க்க ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் அலுமினியம் புத்தம் புதுச் சரக்கு. 1886-ல் மின்சாரத்தால் அதைப் பிரிக்கும் வழியைக் கண்டுபிடிக்கும் வரைக்கும் ராஜா வீட்டுப் பொருளாக இருந்த உலோகம். திடீரென்று விலை சரிந்தது. செம்பு, பித்தளையில் வேலை செய்து பழகிய கைகளுக்கு இதைத் தட்டுவது பெரிய விஷயம் இல்லை என்று சாட்டர்டன் நம்பினார். நம்பிக்கை வீண் போகவில்லை. வியாபாரம் சூடு பிடித்து, 1903-ல் அந்தத் தொழிலை இந்தியன் அலுமினியம் கம்பெனி என்ற தனியார் நிறுவனம் வாங்கிக்கொண்டது.

அலுமினியத்துக்கு ஈயம் பூச வேண்டாம். எடை கிடையாது. விலை குறைவு. ஏழை வீட்டுக்குள் நேராக நுழைந்தது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை ஆரம்பித்தபோது, சிலேட்டோடு சேர்ந்து பிள்ளைகளின் பைக்குள் ஏறியது இந்த அலுமினியத் தட்டுதான். மதிய மணி அடித்ததும் பள்ளிக்கூடமே ஜல்ஜல் என்று சத்தம் போடும். அந்தச் சத்தம் காதில் கேட்கிறவர்கள் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் நிறைய பேர் இருப்பீர்கள்.

ஆனால் அலுமினியத்துக்கும் எதிரி அதே புளிதான். கூடவே உப்பு. இரண்டும் சேர்ந்தால் அரித்துப் புள்ளி புள்ளியாகக் குழி விழும். சாம்பலில் இருக்கும் காரமும் ஆகாது, கறுத்துவிடும். தட்டினால் நெளியும். மலிவுதான், ஆனால் உழைக்காது.

புளியையும் தாங்க வேண்டும், உப்பையும் ஓரளவு பொறுக்க வேண்டும், பூச்சும் வேண்டாம், நெளியவும் கூடாது. அப்படி ஓர் உலோகம் வேண்டியிருந்தது. அது பிறந்த கதை, சமையலறைக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் ஆரம்பிக்கிறது. துப்பாக்கிக் குழாயில்!

*

இங்கிலாந்தில் ஷெஃபீல்டு என்று ஓர் ஊர். நம் ஊரில் பூட்டுக்குத் திண்டுக்கல் மாதிரி, அங்கே கத்திக்கு ஷெஃபீல்டு. அந்த ஊரில் எஃகு உருக்கும் தொழிலாளி ஒருவரின் மகன் ஹாரி பிரேர்லி. பிறந்தது 1871-ல். பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, அப்பா வேலை பார்த்த ஆலைக்கே எடுபிடி வேலைக்குப் போனவர். அங்கிருந்த சோதனைச்சாலையில் பாட்டில் கழுவிக்கொண்டே வேதியியல் கற்றுக்கொண்டு, பின்னாளில் ஆராய்ச்சிக்கூடத்துக்கே தலைவரானார்.

1912-ல் ஒரு துப்பாக்கித் தொழிற்சாலை அவரிடம் ஒரு சிக்கலைக் கொண்டுவந்தது. சுடச் சுட குழாயின் உட்புறம் அரித்துப் போகிறது, என்ன செய்யலாம்? பிரேர்லி எஃகில் குரோமியத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார். 1913 ஆகஸ்ட் 13 அன்று வார்த்த எஃகில் குரோமியம் 12.8 சதவிகிதம். எஃகின் உள்ளமைப்பை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டுமானால், முதலில் அமிலம் தடவி மேற்பரப்பை அரிக்க வைக்க வேண்டும். இந்த எஃகு அரிக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. வினிகர் ஊற்றினார். எலுமிச்சைச் சாறு ஊற்றினார். ஊஹூம்!

வேறொருவராக இருந்தால் ‘சோதனைக்கு ஒத்துழைக்காத எஃகு’ என்று குறித்து வைத்துவிட்டுப் போயிருப்பார். கத்தி ஊர்க்காரரான பிரேர்லிக்குச் சாப்பாட்டு மேசை ஞாபகம் வந்தது. எலுமிச்சைச் சாறு பட்டுக் கறுக்காத கத்தி! ஊர்க் கத்திப் பட்டறைக்காரர்களிடம் கொடுத்துப் பார்த்தார். அவர்களுக்கு அந்த எஃகைச் சரியாகப் பதம் வைக்கத் தெரியவில்லை. ‘வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர்’ என்று அவருக்குப் பட்டப்பெயர்தான் கிடைத்தது. பாவம் மனுஷன்!

கடைசியில் எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்ற பட்டறை மேலாளர் பதத்தைப் பிடித்தார். ‘துருப்பிடிக்காத எஃகு’ என்று பிரேர்லி சொல்லிக்கொண்டிருந்ததை, ‘கறைபடாத எஃகு’ என்று மாற்றியவரும் அவர்தான். அதுதான் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஏறக்குறைய அதே சமயத்தில் ஜெர்மனியில் குரூப் ஆலையில் நிக்கலையும் சேர்த்து இன்னொரு ரகம் தயாராகியிருந்தது. காப்புரிமைச் சண்டையில் 1915-லேயே பிரேர்லி அந்த நிறுவனத்தை விட்டு வெளியேறிவிட்டார். அவர் நாற்காலியில் உட்கார்ந்த ஹேட்ஃபீல்டு, 1924-ல் 18 சதவிகிதம் குரோமியம், 8 சதவிகிதம் நிக்கல் என்ற கலவையைக் கொண்டுவந்தார். இன்றைக்கு நல்ல பாத்திரத்தின் அடியில் ‘18/8’ என்று பார்க்கிறோமே, அதுதான் இது.

இதன் ரகசியம் என்ன? குரோமியம் காற்றில் இருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய ஏட்டைப் போர்த்திக்கொள்கிறது. கீறினால் உடனே புது ஏடு வந்துவிடும். அதாவது, தெருமுனையில் துருத்தி ஊதிக்கொண்டிருந்தவரின் வேலையை இந்தத் தட்டு தனக்குத்தானே, நொடிக்கு நொடி, கூலி வாங்காமல் செய்துகொள்கிறது!

*

ஊர் உலகமெல்லாம் ‘கறைபடாத எஃகு’ என்று சொன்னதை நாம் அப்படிச் சொல்லவில்லை. எவர்சில்வர் என்றோம். என்றைக்கும் வெள்ளி! கறை இல்லை என்பது அவர்களுக்குப் பெருமை, வெள்ளி மாதிரி இருப்பது நமக்குப் பெருமை. வெள்ளித்தட்டில் சாப்பிடும் கனவை ஒரு குமாஸ்தா குடும்பமும் காணலாம் என்ற நம்பிக்கை அந்தப் பெயரிலேயே இருந்தது.

ஆரம்பத்தில் அது பணக்காரச் சாமான்தான். பிறகு மெல்ல மெல்ல இறங்கி வந்தது. சேலத்தில் உருக்காலைக்கு 1970-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கிருந்து ஸ்டெயின்லெஸ் தகடு வர ஆரம்பித்தது. திருப்பூருக்குப் பக்கத்தில் அனுப்பர்பாளையத்தில், பித்தளையும் செம்பும் தட்டிக்கொண்டிருந்த பட்டறைகளுக்குள் எவர்சில்வரும் வந்தது. தலையில் கூடையோடு ‘பழைய துணிக்குப் பாத்திரம்’ என்று கூவிக்கொண்டு பெண்கள் வந்தார்கள். இரண்டு பட்டுப்புடவைக்கு ஒரு தூக்குப்போணியா என்று மத்தியான நேரத்தில் நடக்கும் பேரங்களைப் பார்த்தால், எம்.பி.ஏ. படித்தவர்கள் தோற்றுப் போவார்கள்.

எங்கள் வீட்டிலும் ஒருநாள் அது நடந்தது. அப்பாயி இறந்து ஒரு வருஷம் முடிந்திருந்தது. அம்மா பரணில் இருந்த பித்தளையை எல்லாம் இறக்கினார். இரண்டு அண்டா, நாலு தவலை, வட்டில், கும்பா, குத்துப்போணி. எல்லாவற்றையும் எடைக்குப் போட்டு எவர்சில்வராக மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். அப்பா ஒரு வாரம் பேசவில்லை. ‘எங்கம்மா சொத்து’ என்று இன்றைக்கும் உறவில் சிலர் குத்திக்காட்டுவது உண்டு.

கணக்குப்படி பார்த்தால் அவர்கள் சொல்வது சரி. பித்தளையின் விலை ஏறிக்கொண்டே இருந்தது. எவர்சில்வரைப் பழசுக்குப் போட்டால் கைக்கு வருவது சொற்பம். அம்மா செய்தது மோசமான முதலீடு. நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

*

இப்போது கொஞ்சம் பி.காம். கணக்கு.

வாங்கிய விலையில் கடைசியாகக் கிடைக்கும் பழைய சாமான் விலையைக் கழித்து, உழைக்கும் வருஷங்களால் வகுத்தால் வருடாந்திரத் தேய்மானம். முதல் வருஷப் பாடம். நல்ல எவர்சில்வர் தட்டு 300 ரூபாய், கழிவு 30 ரூபாய், ஆயுள் 30 வருஷம் என்று வையுங்கள். வருஷத்துக்கு 9 ரூபாய். அந்த வெண்கலத் தட்டு 4,200 ரூபாய், கழிவு 1,200, ஆயுள் நூறு வருஷம். வருஷத்துக்கு 30 ரூபாய். பரவாயில்லையே, ஒரு காபி விலைதானே என்று தோன்றும்.

ஆனால், வெண்கலத்தைப் பளபளப்பாக வைத்திருக்க ஒரு தட்டுக்குத் தினம் இரண்டே நிமிடம் கூடுதலாக ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து தட்டுக்குப் பத்து நிமிடம். வருஷத்துக்கு அறுபது மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாகப் பார்த்தால், ஏழரை நாள். (ஏழரை என்று வந்தது தற்செயல்தான்!) இது தட்டுக்கு மட்டும். அண்டா, தவலை, குடம் கணக்கில் இல்லை.

இந்த ஏழரை நாளை எந்த லெட்ஜரிலும் யாரும் எழுதியதில்லை. தட்டுக்குத் தேய்மானம் போடத் தெரிந்த எங்களுக்கு, தேய்த்தவருக்குத் தேய்மானம் போட யாரும் சொல்லித் தரவில்லை.

*

சரி, ‘கதை இருக்கட்டும், எதைத்தான் வாங்குவது?’ என்று நீங்கள் கேட்பது புரிகிறது. கடையில் ஏமாறாமல் இருக்கச் சில விஷயங்கள்.

காந்தத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர்கள் உண்டு. ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் ஒசத்தி என்பது அவர்கள் சூத்திரம். அரை உண்மை! நிக்கல் இல்லாத 430 ரகத்தில் காந்தம் ஒட்டும். 18/8, அதாவது 304 ரகத்தில் ஒட்டாது. ஆனால் நிக்கல் விலை அதிகம் என்பதால் அதைக் குறைத்து, மாங்கனீஸைச் சேர்த்துச் செய்யும் 200 வரிசை ரகங்களிலும் காந்தம் ஒட்டாது. நம் சந்தையில் பெருமளவு புழங்குவது இதுதான். இதைவிட வேடிக்கை, அசல் 304 தகட்டையே ஆழமாக அழுத்தி வளைத்தால், வளைந்த இடத்தில் லேசாகக் காந்தம் பிடிக்கும். ஆக, காந்தத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அடியில் 304 அல்லது 18/8 என்று பொறித்திருக்கிறதா, ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். எவர்சில்வர் பாத்திரங்களுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 14756. இந்த முத்திரையைக் கட்டாயமாக்கி மத்திய அரசு 2024-ல் உத்தரவு போட்டது.

அடுத்தது கனம். கேஜ் எண் ஏற ஏற தகடு மெலியும். 22 கேஜ் கனமானது, 28 கேஜ் மெல்லியது. எண் பெரிதாக இருக்கிறதே என்று சந்தோஷப்படாதீர்கள். விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். சரியாக மடிக்காத விளிம்பு கையைக் கிழிக்கும், இடுக்கில் சோறு தங்கும்.

எவர்சில்வருக்கும் எதிரி உண்டு. உப்பு. உப்புத் தண்ணீரையோ ஊறுகாயையோ ராத்திரி முழுக்க விட்டுவைத்தால், அந்த மாய ஏட்டைத் துளைத்துப் புள்ளி வைத்துவிடும். நம் பாட்டிகள் ஊறுகாயைப் பீங்கான் ஜாடியிலேயே வைத்தது இதனால்தான் அர்த்தமுள்ள பழக்கம்.

மைக்ரோவேவ் அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு எவர்சில்வர் உதவாது. கண்ணாடித் தட்டு பார்க்கலாம். அமெரிக்காவில் கார்னிங் நிறுவனம் 1970-ல் மூன்று அடுக்குக் கண்ணாடியில் ‘கோரெல்’ தட்டைக் கொண்டுவந்தது. மெல்லிசு, லேசு, சுலபத்தில் உடையாது. உடைந்தால் மட்டும் ஊசி ஊசியாகச் சிதறும், குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஜாக்கிரதை. மெலமைன் தட்டு விழுந்தால் உடையாது, பார்க்கவும் பீங்கான் மாதிரி இருக்கும். ஆனால் அது ஒரு வகை பிளாஸ்டிக். மைக்ரோவேவில் வைக்கவே கூடாது. எழுபது டிகிரிக்கு மேல் கொதிக்கும் சாம்பாரை அதில் ஊற்றுவதும் நல்லதல்ல.

வெண்கலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாங்குங்கள். ஆனால் வாங்குபவரே தேய்ப்பது என்று ஒரு வீட்டுச் சட்டம் போட்டுவிட்டு வாங்குங்கள்.

*

கடைசியாக ஒன்று. சொல்லத் தயக்கம்தான். ஆனால் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பாதியில் நின்றுவிடும்.

எங்கள் ஊர் வீட்டில் பாத்திரம் தேய்க்க ஓர் அக்கா வருவார். அப்பாயிக்கு முடியாமல் போன பிறகு அத்தனை பித்தளையையும் தேய்த்தது அவர்தான். எங்கள் வட்டில்களில் முகம் தெரிந்தது அவர் கைவண்ணத்தால். ஆனால் அவருக்குச் சோறு போட ஒரு தட்டு தனியாக இருந்தது. நெளிந்த அலுமினியத் தட்டு. கொல்லைப்புறச் சுவரில் செருகி வைத்திருப்போம். பித்தளை போய் எவர்சில்வர் வந்தபோதும் அந்தத் தட்டு மட்டும் மாறவில்லை. அதில் யார் பெயரும் வெட்டவில்லை. வெட்டாமலே அது யாருடையது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், எட்டு வயதுப் பையனான எனக்கும் தெரியும். டீக்கடைகளில் இரட்டைக் குவளை வைத்திருந்த ஊர்களைப் பற்றிப் பிற்காலத்தில் பத்திரிகையாளனாகப் போய் விசாரித்து எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்தக் கொல்லைப்புறச் சுவர் ஞாபகம் வரும். அதை எழுதியதில்லை.

கடையில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். வெண்கலத் தட்டை என் மனைவி சிரித்துக்கொண்டே திரும்ப வைத்துவிட்டாள். 304 ரகத்தில், கனமான, வேலைப்பாடு எதுவும் இல்லாத எவர்சில்வர் தட்டைத் தேர்ந்தெடுத்தோம். நாங்கள் ஐந்து பேர். ஐந்து எடுத்து அடுக்கினான் பையன்.

‘‘ஆறா குடு’’ என்றார் அம்மா.

‘‘நாம அஞ்சு பேருதானேம்மா?’’ என்றேன்.

‘‘பாத்திரம் தேய்க்க வர்ற பொண்ணு காலைல நம்ம வீட்லதானே டிபன் சாப்பிடுது?’’

நான் எதுவும் பேசவில்லை. பில் போடும் இடத்துக்குப் பக்கத்தில் பெயர் வெட்டும் மெஷினோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். ‘‘என்ன பேர் போடணும்மா?’’ என்று கேட்டார்.

அம்மா ஒரு கணம் தட்டுகளைப் பார்த்தார்.

‘‘பேரெல்லாம் வேணாம்ப்பா. ஆறும் ஒண்ணு மாதிரியே இருக்கட்டும்.’’